சாய்ந்து நின்ற தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்மணிகளா. கதவோரம் இருக்கிறவர்களும் நகர்ந்து வாருங்கள். அங்கே காற்று சில்லென்று அடிக்கும், இந்தக் கதையை உரக்கச் சொல்லவும் எனக்கு மனசு வராது. சுத்தமாக இருந்த குற்றத்துக்காகக் குடி கெட்டுப்போன ஒருத்தியின் கதை இது. சிரிப்பு வந்தால் தொடக்கத்திலேயே சிரித்துவிடுங்கள். பின்னால் அதற்கு இடம் இருக்காது.

அவளைத் தெருவே பளிச்சு என்றுதான் கூப்பிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். சலவைக்கடைக்காரி. அவள் கையில் கொடுத்தால் காக்கை கூடக் கொக்காகித் திரும்பி வரும் என்று எதிர்க்கடை மளிகைக்காரர் சொல்வார். அவள் புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் மடிப்பு. இஸ்திரி அவர் பொறுப்பு. அவர் தேய்த்த கால்சட்டை மடிப்பில் வெண்டைக்காய் நறுக்கலாம் என்பார்கள். ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவருக்கும் சேர்த்து அவள் பேசுவாள். தலைச்சனும் கடைக்குட்டியும் ஒன்றேயான ஒரு மகள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

கடை வாடகைக்கு எடுத்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரே ஒரு அறை, மேலே துணி வைக்க ஒரு பரண். கடையின் உயிர் என்றால் அது அந்தப் பெரிய சலவை மெஷின்தான். ஒரு ஆள் உள்ளே சுருண்டு படுக்கலாம், அவ்வளவு பெரிய வயிறு. அது சுற்றும்போது பின்னறையில் பாத்திரங்கள் லேசாக நடுங்கும். அந்தச் சத்தம் இல்லாமல் அவர்கள் மகளுக்குத் தூக்கம் வராது.

தரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சலவைக்கடைத் தரை மற்ற வீட்டுத் தரை மாதிரி மட்டமாக இருக்காது. சிந்துகிற தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டுமே. அதனால் வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் வாட்டம் விட்டுப் போட்டிருந்தார்கள். பின்னால் போகப் போகத் தரை இறங்கும். பின்சுவரின் அடியில் ஒரு துவாரம், அதன் வழியாகத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். அங்கேயே வாழ்கிறவர்களுக்குக் கால் பழகிவிட்டது. கப்பல்காரர்களுக்கு ஆட்டம் தெரியாதாமே, அந்த மாதிரி.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. மூச்சிரைப்பு உள்ள மனிதர். பளிச்சைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், மடிப்பை மாப்பிள்ளை என்பார். வெளுக்க வந்த சட்டையில் பொத்தான் இல்லையென்றால் அவர் தைத்துக் கொடுப்பார். அவர் தைத்த புதுத்துணியை இவர்கள் தேய்த்துக் கொடுப்பார்கள். எதற்கு எது ஈடு என்று அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் யாரும் கேட்டதில்லை.

புயல் வருகிறது என்று இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலோர ஊருக்கு அது புதுசா? வருஷா வருஷம் ஒன்று வரும், ஓட்டைப் பெயர்க்கும், மரத்தைச் சாய்க்கும், போய்விடும். மூச்சிரைப்புக்காகத் தையல்காரர் மட்டும் முன்கூட்டியே பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டார். போகும்போது வீட்டுச் சாவியைப் பளிச்சிடம் கொடுத்து, மழைச்சாரல் அடித்தால் தன் தையல் மெஷின் இரண்டையும் மூடச் சொன்னார். சாரல்தான் வரும் என்று நினைத்த மனிதர்!

காற்று ஓய்ந்த பிறகுதான் தண்ணீர் வந்தது. ஆற்றையும் கடலையும் ஒன்றாகச் சேர்த்துக் கொட்டின மாதிரி வந்தது. முதலில் பின்சுவர்த் துவாரம் வழியாக எதிர்ப்பக்கமாய்க் குமிழியிட்டு வந்தது. வெளியே போக வைத்த வழியில் உள்ளே வந்தது, பாருங்கள். கணுக்கால், முழங்கால், தொடை. அந்த நேரத்தில் அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் தெரியுமா? ஊரார் துணியை. ஒரு கல்யாண வீட்டுத் துணி அத்தனையும் அப்போது அவர்கள் கடையில் இருந்தது. மூன்று பேருமாக மூட்டை மூட்டையாகப் பரணில் ஏற்றினார்கள். மெஷினைத் தூக்க முடியாது, அதன் மோட்டாரையாவது கழற்றியிருக்கலாம். மடிப்பு திருப்புளியை எடுத்தார். அவள், "என்னங்க, அது நம்ம பொருள். இது நம்மள நம்பிக் கொடுத்தது. முதல்ல இத ஏத்துங்க" என்றாள். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு மோட்டார் இருந்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

இஸ்திரி மேசை மேல் மூன்று பேரும் ஏறி நின்றார்கள். தண்ணீர் மேசையையும் தாண்டிக் கொஞ்சம் ஏறி, அங்கே நின்றது. ஒரு பகலும் ஒரு இரவும் நின்றது. தலைக்கு மேல் வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று சொல்வார்கள் அல்லவா? அது பொய், கண்மணிகளா. சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு தெருவைப் பார்க்க வேண்டுமே! சேறு, செத்த கோழி, யார் வீட்டுக் கட்டிலோ மின்கம்பத்தில். எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரு பழுப்புக் கோடு. தண்ணீர் நின்ற உயரத்தில், நூல் பிடித்து இழுத்த மாதிரி. ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் அழுதார்கள். சிலருக்கு அழவும் தெம்பில்லை.

பளிச்சு அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள், விளக்குமாற்றை எடுத்தாள். சேற்றைத் தள்ளினாள். வாட்டத் தரை அல்லவா, தள்ளத் தள்ளப் பின்னால் ஓடியது. பிறகு சுவர். ப்ளீச்சிங் பவுடர் அவளிடம் பரணில் இருந்தது, தேங்காய் நார் இருந்தது, மழைத்தண்ணீர் டிரம்மில் இருந்தது. வேறென்ன வேண்டும்? கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்காத பிறவி அவள். அதோடு ஒரு நியாயமும் இருந்தது. சுவரில் சேற்றுக் கோட்டை வைத்துக்கொண்டு சலவைக்கடை நடத்தினால் எவன் வெள்ளைச் சட்டை கொண்டுவந்து கொடுப்பான்? கோடு இருந்த இடம் தெரியாமல் தேய்த்து, மேலே சுண்ணாம்பும் அடித்தாள். மெஷினைத் திறந்து வயிற்றுக்குள் இருந்த சேற்றைக் கையால் அள்ளி, துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினாள். ஆனால் மெஷின் சுற்றவில்லை. மோட்டார் உப்புத் தண்ணீர் குடித்துக் கருகிப்போயிருந்தது.

அதோடு விட்டாளா? தையல்காரர் வீட்டுச் சாவி இடுப்பில் இருந்தது. சேற்று வாடையும் பூஞ்சையும் அந்த மனிதரின் மூச்சுக்கு ஆகுமா? திறந்து போய், அங்கேயும் சுவரைத் தேய்த்தாள். சுண்ணாம்பு அடித்தாள். துருப்பிடித்த தையல் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தாள். அவர் முகாமிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தவர், உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாராம். கூடப்பிறந்தவள் இருந்திருந்தால் கூட இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெருவில் அவளுக்குப் பெரிய பேர். பாருங்கள், நம்ம தெருவில் மனுஷியாக எழுந்தவள் அவள் ஒருத்திதான் என்றார்கள். கல்யாண வீட்டார் வந்தார்கள். பட்டு நனையாமல் கிடைத்ததைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேர் வந்தது. துணி வரவில்லை.

வெள்ளம் போன ஊரில் எவன் சட்டை தேய்த்துப் போடுவான்? பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டது. கடைகள் மூடிக் கிடந்தன. வேலைக்குப் போனவர்கள் வேலை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மேட்டில் ஒரு ஹோட்டல் மட்டும் தப்பித்திருந்தது. மீட்பு வேலைக்கு வந்த வெளியூர் ஆட்கள் அத்தனை பேரும் அங்கே தங்கியிருந்தார்கள். படுக்கை விரிப்பு, துவாலை, திரை என்று மலையாகக் குவிந்தது. ஹோட்டல் மேனேஜருக்கு மடிப்பின் கை தெரியும். மெஷினைச் சரிபண்ணினால் துணி முழுவதும் உங்களுக்குத்தான், இந்த மாதம் முடிகிற வரைக்கும் பொறுக்கிறேன், அதற்கு மேல் வெளியூர் லாரிக்குச் சொல்லிவிடுவேன் என்றார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தூரத்து நகரத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் ஒன்றில் மடிப்பின் சித்தப்பா மகன் இருந்தான். வேலை இருக்கிறது, ஆனால் ஆண்கள் தங்குகிற கொட்டகைதான், குடும்பம் கூடாது என்று சொல்லியனுப்பினான்.

ஆக, புது மெஷின் வந்தால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ். வராவிட்டால் குடும்பம் மூன்றாகப் பிரியும். அவ்வளவுதான் கணக்கு. அந்த மெஷின் எங்கிருந்து வரும் என்றால், நிவாரணத்திலிருந்து. தொழில் செய்த இடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் தொழிற்கருவிக்கு ஈடு கொடுப்போம் என்று அறிவித்திருந்தார்கள்.

கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கெட்டவள் என்று நினைக்காதீர்கள். சின்ன வயசு, தூங்காத கண்ணு. செருப்புக்கு வார் அறுந்து கயிறு கட்டியிருந்தது. அவள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வெள்ளை வெளேரென்று சுவர். எந்த உயரம் வரை தண்ணீர் வந்தது என்று கேட்டாள். பளிச்சு கையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் காட்டினாள்.

"சுவத்துல ஒண்ணுமே இல்லையேம்மா?"

"நான்தாம்மா தேச்சு எடுத்தேன்."

"ஏன் எடுத்தீங்க?"

அழுக்கை ஏன் எடுத்தாய் என்று அவளை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். போனும் தண்ணீரோடு போய்விட்டது. தெருவில் மற்ற வீட்டுக் கோட்டைப் பாருங்கள் என்றார்கள். ஒவ்வொரு வீட்டுத் தரையும் ஒவ்வொரு உயரம், அந்த வீட்டுக் கோட்டை வைத்து இந்த வீட்டுக்கு எழுத முடியாது என்றாள். மெஷினைக் காட்டினார்கள். அது பளபளவென்று நின்றது. இது எப்போது கெட்டது என்று நான் எப்படிச் சொல்ல முடியும் என்றாள். கடைசியாக, "தெருவுல ரெண்டு பேர சாட்சி சொல்லச் சொல்லுங்க. மறுபடி வருவேன், அப்ப எழுதிக்கறேன்" என்றாள். அடுத்த வீட்டில் தையல்காரர் சுவரும் வெள்ளை. அவருக்கும் அதே பதில்.

சாட்சிதானே, தெருவே சொல்லும் என்று பளிச்சு நினைத்தாள். அது வெள்ளத்துக்கு முந்தின தெரு என்று நினைத்துவிட்டாள், பாவம். அதற்குள் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. தெருவுக்கு மொத்தமாக ஒரு தொகைதான், பேர் கூடக் கூட ஆளுக்குப் பங்கு குறையும் என்று. யார் கிளப்பியது, தெரியாது. உண்மையா, அதுவும் தெரியாது. ஆனால் தெருக்குழாயில் அவளைக் கண்டதும் குடங்கள் சீக்கிரம் நிரம்பின. கல்யாண வீட்டாரிடம் போனாள். நாங்கள் அன்றைக்கு உங்கள் கடைக்குள் வரவில்லையே, பார்க்காததை எப்படிச் சொல்வது என்றார்கள். நியாயம்தான். துணி நனையாமல் கிடைத்ததே அவர்களுக்கு ஒரு காரணமாகப் போய்விட்டது. இன்னொருத்தி நேராகவே கேட்டாள், "உனக்கென்னடி, வீடு புதுசா மின்னுது. எங்களப் பாரு" என்று.

பசியில் இருக்கிற மனிதனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வராது. ஆனால் தண்ணீர் வீட்டைத்தான் கெடுத்தது. தெருவைக் கெடுத்தது அதற்குப் பின்னால் வந்தது.

மாதக் கடைசி நெருங்கியது. எதிர்க்கடை மளிகைக்காரர் ஒரு நாள் மத்தியானம் மடிப்பைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் கடைக்கு ஏழெட்டுப் படி ஏற வேண்டும். வெள்ளம் கடைசிப் படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியதைத் தெருவே பார்த்தது. இப்போது பார்த்தால் அவர் கடைச் சுவரில் இடுப்புக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு.

"கோடு போடுங்க, மடிப்பு. டீத்தூள் டிகாஷன்ல கொஞ்சம் வண்டல் கலந்தா அச்சு அசலா வரும்."

மடிப்பு எழுந்து போய் அந்தக் கோட்டைக் கிட்டத்தில் பார்த்தார்.

"என்னத்துக்கு யோசிக்கிறீங்க? வராத தண்ணிக்கு நானே போட்டுட்டேன். வந்த தண்ணிக்குப் போட உங்களுக்கு என்ன கூச்சம்?"

கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா? மளிகைக்காரருக்கும் பொல்லாத மனசு இல்லை. அவரிடம் கடன் சொல்லி வாங்கியவர்களில் பாதிப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவரும் முங்கத்தான் செய்தார், அவரை முக்கின தண்ணீருக்குக் கோடு விழவில்லை.

மடிப்பு வீட்டுக்கு வந்து சொன்னார். பளிச்சு முதலில் மாட்டேன் என்றாள். பிறகு மெஷினைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தையல்காரரிடம் போய், அண்ணே, இப்படி ஒரு யோசனை, என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அவர் அதற்குள் மாறியிருந்தார். துருப்பிடித்த மெஷின் ஊசியை ஒடித்துக்கொண்டே இருந்தது, கொடுத்த வேலையைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீதானே அழிச்ச? நீயே போடு."

தங்கச்சி என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

ஆக, போட்டார்கள். பட்டப்பகலில், கதவைச் சாத்திக்கொண்டு. அவள் டிகாஷன் காய்ச்சினாள், வண்டலைத் துணியில் வடிகட்டி எடுத்தாள், துருத்தண்ணீர் கலந்தாள். கறையை எடுக்கத் தெரிந்தவளுக்குக் கறையை உண்டாக்கவா தெரியாது? நிறம் அப்படியே வந்தது. தான் வெளுத்த சுவரில் தானே அழுக்கைத் தடவ அவளால் முடியவில்லை. கிண்ணத்தை மடிப்பிடம் நீட்டிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டாள்.

மடிப்புக்கு ஒரு பழக்கம். துணிக்கு விளிம்புதான் கணக்கு. மடிப்பு எங்கே விழ வேண்டும் என்றால் விளிம்பிலிருந்து அளந்துதான் வைப்பார், கண்மதிப்பு என்பதே கிடையாது. வெந்நீரில் துணி புரட்டுகிற கழியை எடுத்தார். அன்றைக்குத் தண்ணீர் நின்ற உயரத்தை வாசல் பக்கத்தில் தன் மேலேயே வைத்துப் பார்த்து, கழியில் ஒரு வெட்டு வெட்டினார். தரையில் கழியை நிறுத்தி வெட்டு இருந்த இடத்தில் சுவரில் ஒரு புள்ளி. ஓரடி நகர்ந்து இன்னொரு புள்ளி. இப்படியே வாசலிலிருந்து பின்சுவர் வரை. புள்ளிகளைச் சேர்த்துக் கந்தலால் இழுத்தார். தரையிலிருந்து எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே உயரம், ஒரு நூல் பிசகில்லை. வாழ்நாளில் அவர் போட்ட மடிப்புகளிலேயே நீளமான மடிப்பு அதுதான். அப்படியே தையல்காரர் வீட்டிலும் போட்டுக் கொடுத்தார்.

உங்களில் சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். அவர்களுக்குப் புரியவில்லையே! வருஷக்கணக்காக அந்தத் தரையில் நடந்தவர்களுக்கு அது மட்டமான தரைதான்.

அந்தப் பெண் மறுபடி வந்தாள். அதே கயிறு கட்டிய செருப்பு. சுவரைப் பார்த்தாள். அன்றைக்கு இல்லாத கோடு இன்றைக்கு எப்படி என்று கேட்டாள். சுண்ணாம்பு காயக் காயக் கறை மேலே வந்துவிட்டது என்று பளிச்சு சொன்னாள். அப்படி நடப்பது உண்டுதான், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்ணும் தலையாட்டினாள். எழுதப் பேனாவை எடுத்தாள். எழுத இடம் வேண்டி இஸ்திரி மேசைக்குப் போனாள்.

அந்த மேசைக்கு முன்கால் குட்டை, பின்கால் நெட்டை. தரை சரிவாக இருந்தாலும் மேல்பலகை மட்டமாக இருக்க வேண்டுமென்று மடிப்பே அறுத்துச் சரிபண்ணியது. மேசைக்கு மேலே சுவரில் அந்தக் கோடு. முன்பக்கம் பலகைக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. பின்பக்கம் போகப் போக இடைவெளி குறைந்து, கோடு பலகைக்குக் கீழேயே இறங்கிவிட்டது. அவள் எழுதுவதை நிறுத்தினாள். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசை மேல் படுக்கவைத்தாள். பாதி பாட்டில் தண்ணீர். அது மட்டமாக நின்றது. கோடு அதற்குப் பின்னால் சாய்ந்து போனது.

"தண்ணி சாஞ்சு நிக்குமாம்மா?"

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மடிப்பு கோட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பளிச்சு அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்றாள்.

"தண்ணி வந்தது நிஜம்மா. நாங்க மூணு பேரும் இந்த மேசை மேல நின்னோம். கோடுதான் பொய்."

"எனக்குத் தெரியுதும்மா. நீங்க கோடு போடாம விட்டிருந்தா, என் பொறுப்புல ஏதாவது எழுதிப் பாத்திருப்பேன். இப்ப எழுதினா என் வேலை போயிரும். எனக்கும் வீடு இல்லம்மா."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். தையல்காரர் வீட்டுத் தரை மட்டம், கோடும் மட்டம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் ஏமாற இருந்தவள் அடுத்த வீட்டில் நம்புவாளா? கட்டைவிரலை எச்சில் தொட்டுச் சுவரில் தேய்த்தாள். விரல் பழுப்பாக வந்தது. இரண்டு வீட்டுப் பேரையும் பட்டியலில் அடித்துவிட்டுப் போனாள். எதிரே மளிகைக்காரர் கடைப் படியேறி, அந்தக் கோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். அது காய்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பளிச்சு தையல்காரர் வாசலில் போய் நின்றாள். அவர் உடைந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு இரைத்தது.

"முதல்ல நல்லது செஞ்சு கெடுத்த. அப்புறம் கெட்டது செஞ்சு கெடுத்த. இனிமே எனக்கு ஒண்ணும் செய்யாத, தாயி."

அதோடு கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் அதன் பிறகு பேச்சில்லை. கொஞ்ச நாளில் அவரை யாரோ தூரத்துச் சொந்தம் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற அன்று வாசலில் பளிச்சு நின்றாள். அவர் பார்க்காமல் போனார் என்று சொன்னால் கூடத் தேவலை. பார்த்தார், வேற்றாளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மாதம் முடிந்தது. ஹோட்டல் துணியை வெளியூர் லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? வீட்டுச் சொந்தக்காரர் இடத்தைக் கேட்டார். மளிகைக்காரர் அதைக் கிடங்காக எடுத்துக்கொண்டார். மெஷினைப் பழைய இரும்புக்காரன் நாலு பேரை வைத்து உருட்டிக்கொண்டு போனான். அது வாசல்படி இறங்கும்போது, இவ்வளவு சுத்தமான பழைய இரும்பை நான் பார்த்ததில்லை அக்கா என்று பாராட்டிவிட்டுப் போனான்.

மடிப்பு ஆஸ்பத்திரிச் சலவைக்கு நகரம் போனார். மகள் படிப்பை நிறுத்தக் கூடாது என்று அவளை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தை நல்லவள்தான். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டிலும் சோறு அளந்துதான் வெந்தது. படிப்பு தானாக நின்றது. பளிச்சு மேட்டு ஹோட்டலில் அறை கூட்டுகிற வேலையில் சேர்ந்தாள். தினமும் காலையில் அழுக்கு விரிப்புகளை உருவி மூட்டை கட்டி லாரிக்குக் கொடுப்பாள். வெளியூரில் வெளுத்து வந்ததைப் பிரித்து விரிப்பாள். ஓரத்தில் கறை சரியாகப் போயிருக்காது. முதலில் கொஞ்ச நாள் அதைக் குழாயடியில் தானே கசக்கி எடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். கறையோடேயே விரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அவளைப் பற்றி எனக்குத் தாங்காத விஷயம் அதுதான், கண்மணிகளா.

வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு அமையும். ஹோட்டலில் வெளியாள் தங்கக் கூடாது, அத்தை வீட்டில் இடமில்லை, அவர் கொட்டகையைக் கேட்கவே வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு பெஞ்சில் உட்காருவார்கள். மகள் நடுவில். அவள் வளர்ந்துவிட்டாள். துணிக்கடையில் நிற்கிற வேலை, கால் வீங்கியிருக்கும். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். அங்கே எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். ஒரு குறையும் இல்லை என்று மூன்று பேரும் சொல்வார்கள்.

போன தடவை மகள் சட்டைக் கையில் ஒரு சுருக்கம் இருந்தது. மடிப்பு அதைப் பெஞ்சில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நீவினார். ரொம்ப நேரம். சுருக்கம் போய்விட்டது, அவர் நிறுத்தவில்லை. பளிச்சு, "போதுங்க, பஸ் வந்துருச்சு" என்றாள். மூன்று பேருக்கும் மூன்று பேருந்து. முதலில் ஏறியவர் போவதைக் கூட மற்ற இருவரும் நின்று பார்க்கவில்லை. பார்த்தால் ஏற முடியாதாம்.

அவ்வளவுதான் கதை. இதற்கு மேல் நல்லதாக ஒன்று சேர்த்துச் சொல்ல எனக்கும் ஆசைதான், நடக்காததை எப்படிச் சொல்வேன்?

எழுந்து போகும் முன் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடத்தில் மட்டும் வரட்டும். உங்கள் பிள்ளைகள் ஒரே தட்டுக்குச் சண்டை போடும் அளவுக்குக் கிட்டக் கிட்ட இருக்கட்டும். கஷ்டம் வந்தால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும், பக்கத்து வீட்டுக்கு வந்தால் உங்கள் கதவு திறந்திருக்கட்டும். வெளியே போன உங்கள் மனுஷர் அத்தனை பேரும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உங்கள் வாசலுக்கே வந்து சேரட்டும். நல்லா இருங்கள்.